ஒரே விலையில் இருந்த இரண்டு ரூபாய்கள்: அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் மேசையில் இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் கிடக்கின்றன. இரண்டிலும் தமிழ் இருக்கிறது. ஒன்று நம் இலங்கைத் தாள். மற்றது மொரிசியஸ் தாள். அதில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் முகம். 2009இல் அங்கிருந்து திரும்பி வந்தபோது செலவழிக்க மனமில்லாமல் கொண்டு வந்தது. அன்று அதை மாற்றியிருந்தால் நம் காசில் முந்நூற்றைம்பது ரூபாய் அளவில் கிடைத்திருக்கும். இன்று மாற்றினால் அறுநூற்றைம்பதை ஒட்டி வரும். பதினைந்து வருடமாக அலுமாரியில் துணிக்கடியில் சும்மா கிடந்த தாள் அது. அதே காலத்தில் நான் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் 8 வீதம் கழித்து ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் போட்டு வந்தேன்.

நான் பொருளியல் நிபுணர் அல்ல. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவள். மொரிசியசில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் தைத்தேன். திரும்பி வந்து இங்கும் தைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்குக் கணக்கு எழுதுபவளும் நான்தான். அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர்.

2023 ஜூலை 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, அரசாங்கம் நாட்டுக்குள் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானத்துக்கு 122 பேர் ஆதரவாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களித்தீர்கள். அன்று கை உயர்த்திய பலர் இன்று அவையில் இல்லை என்பது தெரியும். சேமலாப நிதியில் கை வைக்காதே என்று அன்று மேடையில் நின்று பேசியவர்கள் இன்று ஆளும் வரிசையில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆள் மாறியும் தீர்மானம் மாறவில்லை. அதனால்தான் இந்த மடலைப் பெயர்களுக்கு எழுதாமல் குழுவுக்கு எழுதுகிறேன். இப்போது கொழும்புத் துறைமுக நகரை ஒரு நிதி மையமாக்கப் போகிறோம், மொரிசியசைப் போல, டுபாயைப் போல என்று பேச்சு எழும்போதெல்லாம் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மொரிசியசைப் பற்றி நான்கு வருடம் கண்ணால் கண்டதையாவது சொல்கிறேன்.

முதலில் பழைய கணக்கு. 1950களில் இந்த இரண்டு ரூபாயும் ஒரே விலை. இலங்கை ரூபாய், மொரிசியஸ் ரூபாய், இந்திய ரூபாய் மூன்றும் ஒரு ஸ்டேர்லிங் பவுணுக்கு 13 ரூபாய் 33 சதம், ஒரு டொலருக்கு 4 ரூபாய் 76 சதம் என்று ஒன்றாகவே நின்றன. மூன்று பிள்ளைக்கும் ஒரே துணியில் சட்டை தைத்தது போல. 1967இல் பவுணின் மதிப்பு இறங்கியபோது மொரிசியஸ் ரூபாய் அதோடு சேர்ந்து இறங்கியது. நம்முடையதை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினோம். இன்று டொலருக்கு அங்கே நாற்பத்தைந்து ரூபாய் அளவு, இங்கே முந்நூறு அளவு.

தொடக்கத்தில் நாம்தான் மூத்தவர்கள். இங்கே சேமிப்பு வங்கி 1832இல் வந்தது; அங்கே மொரிசியஸ் வர்த்தக வங்கி 1838இல். கொழும்பில் தோட்டக் கம்பனிப் பங்குகளை வாங்கி விற்கும் தரகர் சங்கம் 1896இலேயே இருந்தது. மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயிசில் பங்குச் சந்தை திறந்தது 1989இல், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. நம் மத்திய வங்கி 1950, அவர்களுடையது 1967. சேமலாப நிதிச் சட்டம் இங்கே 1958, அங்கே தேசிய ஓய்வூதியச் சட்டம் 1976. 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் மொரிசியசை ஆராய்ந்துவிட்டு அந்தத் தீவு தேறுவது கஷ்டம் என்ற தொனியில்தான் அறிக்கை கொடுத்தார். கரும்பு ஒன்றை விட்டால் வேறு கதியில்லை, சனத்தொகையோ ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர் கவலை. அதே காலத்தில் நம்மிடம் தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றும் இருந்தன.

2023இல் தலைக்கான வருமானம் அங்கே பதினோராயிரம் டொலருக்கு மேல், இங்கே நாலாயிரத்துக்குக் கீழ்.

இடையில் என்ன நடந்தது? யுத்தம் என்பீர்கள். உண்மை, இருபத்தாறு வருடம் நம்மை அது தின்றது. மொரிசியசுக்கு இராணுவமே கிடையாது. அளவில் சிறிய நாடு என்பீர்கள். அதுவும் சரி, பன்னிரண்டு இலட்சம் பேரை நிர்வகிப்பதும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களை நிர்வகிப்பதும் ஒன்றல்ல. இந்தியாவோடு 1982இல் செய்த இரட்டை வரி ஒப்பந்தத்தால் பிழைத்த நாடு என்றும் சொல்லலாம். இந்தியாவுக்குப் போகும் முதலீட்டில் பெரும் பங்கு அந்தத் தீவின் வழியே போனது அதனால்தான். 2016இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அந்த வாசல் பாதி மூடியது. 2020இல் பணச்சலவைக் கண்காணிப்பில் சாம்பல் பட்டியலுக்கும் போய் 2021இல்தான் வெளியே வந்தார்கள். நாமும் 2017இலிருந்து 2019 வரை அதே பட்டியலில் இருந்தவர்கள்தான். கொரோனா காலத்தில் அவர்களுடைய மத்திய வங்கி அரசாங்கத்துக்கு 60 பில்லியன் ரூபாய் தூக்கிக் கொடுத்தது. அதே வருடம் ஓய்வூதிய நிதிக்கான மாதப் பங்களிப்பை நிறுத்திவிட்டு வேறொரு சமூகப் பங்களிப்பைக் கொண்டு வந்தார்கள். தனித்தனிச் சேமிப்பாக இருந்தது வரியைப் போல ஆகிவிட்டதென்று அங்கே வழக்கு வரை போனது. ஆக, அந்தத் தீவைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சொர்க்கமாக இருந்தால் வெளிநாட்டுப் பெண்களைப் படுக்கைக்கு மேல் படுக்கை போட்ட விடுதியில் அடைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை அங்கே பார்த்தேன். விடுதி வாசலில் ஒரு வயதான அம்மா தால் பூரி விற்பார். தமிழ்ப் பெயர், தைப்பூசத்துக்கு விரதம், பேச்சு மட்டும் தீவின் கிரியோல் மொழி. மாதத்தில் ஒருநாள் கடை பிந்தித்தான் திறக்கும். தபாற் கந்தோரில் முதியோர் ஓய்வூதியம் எடுக்கப் போயிருப்பார். வந்ததும் தாள்களை எண்ணி மூன்றாகப் பிரிப்பார்: ஒன்று வாடகைக்கு, ஒன்று மாவுக்கும் பருப்புக்கும், ஒன்று கோயிலுக்கு. கரும்புக் காட்டில் வேலை செய்தவருக்கும் மந்திரியாக இருந்தவருக்கும் அந்த அடிப்படை ஓய்வூதியம் ஒன்றே. யாரிடமும் கடிதம் வாங்கிக் காட்டத் தேவையில்லை, வயது வந்தால் போதும். இப்போது வயதெல்லையை 60இலிருந்து 65க்குப் படிப்படியாகக் கொண்டு போகிறோம் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, சனம் வீதிக்கு இறங்கியது. இறங்கத்தான் செய்யும். தங்கள் காசு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: உன் அம்மா எங்கே போய் எடுப்பார்? நான் பதில் சொல்லவில்லை.

என் அம்மா எடுத்த கதை இது. 2017இல் வேலையை விட்டார். சேமலாப நிதி அட்டையில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள். அந்த ஒரு எழுத்துக்காகப் பதினான்கு மாதம். கிராம உத்தியோகத்தர் கடிதம், சத்தியக் கடதாசி, தோட்டக் கந்தோரில் கிளாக்கர் ஐயா லீவு, மறுபடி கடிதம். பிறகு பார்த்தால் சில மாதங்களுக்குக் கம்பனி பணமே கட்டியிருக்கவில்லை. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அது ஒரு தோட்டத்தின் கதையாகிவிடும், மலையகத்தில் இதைக் கேட்காத லயம், அதாவது தோட்டக் குடியிருப்பு, இருக்காது. கடைசியில் கைக்கு வந்தது ஆறு இலட்சத்துச் சொச்சம். அதை ஒரு வங்கியில் நிலையான வைப்பில் போட்டோம். மாதாமாதம் வட்டி எடுத்து, ரொட்டிக்கு மா வாங்கி, மருந்து வாங்கி, மீதியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பார்.

பிறகு 2022. ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 புள்ளி உயர்த்தியது; 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். நூறு ரூபாய்க்குள் கிடைத்த கோதுமை மா முந்நூறைத் தாண்டியது. அம்மாவின் வைப்பு பழைய வட்டியில் பூட்டிக் கிடந்தது. ஆறு இலட்சம் ஆறு இலட்சமாகவே இருந்தது. அதில்தான் ஏமாற்றமே. யாரும் திருடவில்லை, புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

அந்த வருடத்துக்குச் சேமலாப நிதி எங்களுக்குக் கொடுத்த வட்டி 9 வீதம்.

அதே 2022 கடைசியில் கையில் காசு வைத்திருந்தவர்கள் அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியல் வாங்கினார்கள். வட்டி 30 வீதத்துக்கு மேல். அரசாங்கம் ஒன்றுதான், கடன் வாங்கிய பணப்பெட்டியும் ஒன்றுதான். பிறகு 2023இல் சுமையை எல்லோரும் சுமக்க வேண்டும் என்று சொல்லி நீங்கள் வாக்களித்தபோது யார் சுமந்தார்கள்? வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, தொடவில்லை. அவர்கள் ஏற்கெனவே கூடுதலாக வரி கட்டுகிறார்கள் என்றீர்கள். தனியார் கையில் இருந்த முறிகளைத் தொடவில்லை. 30 வீதத்து உண்டியலைத் தொடவில்லை. தனியார் உண்டியலுக்குச் சொன்ன வட்டி சொன்னபடி போனது. தொட்டது ஓய்வுகால நிதிகளின் முறிகளை. பழைய முறிகளைக் கொடுத்து 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை வாங்கிக்கொள். கொஞ்ச காலம் 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். மாட்டேன் என்றால் அந்த வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீதம் வரி. இதற்கு விருப்பத் தேர்வு என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் லயத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்கூட இவ்வளவு நாசூக்காகப் பேச மாட்டார்.

வங்கிகளைத் தொட்டால் வைப்பாளர்கள் பீதியில் ஓடிவந்து பணத்தை எடுப்பார்கள் என்று அன்று ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அது நியாயம்தான், மறுக்க மாட்டேன். வங்கி விழுந்தால் அம்மாவின் ஆறு இலட்சமும் போயிருக்கும். ஆனால் அந்த நியாயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள்: ஓடிவந்து எடுக்க முடிந்தவனைத் தொடவில்லை, எடுக்க முடியாதவளைத் தொட்டீர்கள். எனக்கு ஐம்பது வயதாகும்வரை என் பணத்தை நான் நினைத்தபடி முழுதாக எடுக்க முடியாது. இவள் எங்கும் ஓடமாட்டாள் என்பதுதான் நான் செய்த குற்றம்.

அந்த வாரம் ஞாபகமிருக்கிறதா? வியாழன் ஹஜ் பெருநாள், வெள்ளி விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்கள் போயா. ஐந்து நாள் வங்கிகள் மூடிக்கிடந்தன. வெள்ளிக்கிழமை அம்மாவோடு ஹட்டனுக்குப் போனேன். வங்கியின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஏடிஎம் முன்னால் இருபது பேர் வரிசையில். அம்மா கதவில் ஒட்டியிருந்த கடதாசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னா பிள்ள, நம்ம காசு உள்ளுக்குத்தானே இருக்கு?" என்றார். இருக்கும்மா என்றேன். அந்தக் கடதாசியில் தமிழ் இருக்கவில்லை.

இதுதான் இரண்டு தீவுக்கும் நான் காணும் வித்தியாசம். கட்டடங்களையும் வங்கிக் கிளைகளையும் எண்ணினால் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் அல்ல. எங்கள் ஊர்ச் சந்தியிலேயே வங்கி, நிதி நிறுவனம், அடகுக் கடை என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் நம் சேமிப்பு நிறுவனங்களெல்லாம் அரசாங்கத்தின் பற்றாக்குறையை அடைப்பதற்கென்றே கட்டப்பட்டவை போல இருக்கின்றன. தேசிய சேமிப்பு வங்கி தன் வைப்புகளில் குறைந்தது 60 வீதத்தை அரச பிணையங்களில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சேமலாப நிதியில் 90 வீதத்துக்கு மேல் அரச கடனில். 2022 முடிவில் 3 டிரில்லியன் ரூபாய்க்கு மேலிருந்த நிதி அது. அதை நிர்வகிப்பது மத்திய வங்கி. பல தசாப்தங்களாக அரசாங்கத்துக்காகக் கடன் திரட்டிக் கொடுத்ததும் அதே மத்திய வங்கி. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் ஒரே தரகர். மத்திய வங்கியின் 2015 பெப்ரவரி முறி ஏல விவகாரம் ஜனாதிபதி ஆணைக்குழு வரை போனபோது சேமலாப நிதியின் பெயரும் அதில் அடிபட்டதை யாரும் மறக்கவில்லை.

மொரிசியசும் 1979இலும் 1981இலும் நாணயத்தை இறக்கியது, சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றது. ஆனால் 1980களோடு அந்த வாசலை விட்டு வந்துவிட்டது. நாம் 1965இலிருந்து 2023 மார்ச் வரை பதினேழு தடவை போயிருக்கிறோம். 1970களில் சீனி விலை ஏறியபோது அங்கே கரும்புத் தோட்டக்காரர்கள் வந்த இலாபத்தைத் தீவுக்குள்ளேயே ஆடைத் தொழிலில் போட்டார்கள். 1970இல் வந்த ஏற்றுமதி வலயச் சட்டம் அதற்கு வழி திறந்திருந்தது. பிற்காலத்தில் நான் தைத்தது அப்படி வளர்ந்த தொழிலில்தான். 1994இல் நாணயக் கட்டுப்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள். வெளியே கொண்டு போக அனுமதித்த பின்னும் பணம் உள்ளேயே இருந்தது. நம்பிக்கை இருந்தால் கதவைப் பூட்டத் தேவையில்லை.

ஒரு துணைக்கதை, ஆனால் சொல்லாமல் போக மாட்டேன். 1948இல் மொரிசியசில், தீவில் பேசும் ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாக்கு கிடைத்து முதல் தேர்தல் நடந்தது. கரும்புக்குப் போன தமிழர்களின் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். அதே 1948இல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகள் நாடற்றவர்களானார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1998இல், மொரிசியசின் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். தாள்களையே திரும்பப் பெற்று வேறு அச்சிட்டார்கள். காசில் எழுத்து எந்த வரியில் இருக்கிறது என்பதற்கே மத்திய வங்கியைப் பதில் சொல்ல வைக்க அவர்களால் முடிந்தது. எங்கள் காசின் மதிப்பு எங்கே போனது என்று கேட்க எங்களுக்கு ஒரு கதிரைகூட இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

2023 மறுசீரமைப்பால் சேமலாப நிதி அங்கத்தவர்களுக்கு என்ன இழப்பு என்ற கணக்கைச் சபையில் முன்வையுங்கள். 9 வீதத்துக்குக் குறையாது என்ற உறுதிமொழி எனக்கு வேண்டாம். பழைய முறிகள் அப்படியே இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும், இப்போது எவ்வளவு வரும், 2038 வரை வருடவாரியாக. அதே பக்கத்தில், தொடப்படாத உண்டியல்களுக்கும் முறிகளுக்கும் 2022, 2023இல் கட்டிய வட்டியையும் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

சேமலாப நிதியை மத்திய வங்கியிடமிருந்து பிரித்து, அங்கத்தவர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும் தனிச் சபையிடம் கொடுக்கச் சட்டம் கொண்டு வாருங்கள். அரச கடன் முகாமைத்துவத்துக்குத் தனி அலுவலகம் அமைக்க 2024இல் சட்டம் போட்டீர்கள். கடன் வாங்கும் பக்கத்தைப் பிரிக்க முடிந்தால் சேமிப்பின் பக்கத்தையும் பிரிக்க முடியும். அந்தச் சபையில் தோட்டத் தொழிலாளர், ஆடைத் தொழிலாளர் இருவருக்கும் இடம் வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களைச் சொல்லவில்லை, பங்களிப்புக் கட்டுபவர்களைச் சொல்கிறேன்.

இன்னொரு முறை உள்நாட்டுக் கடனில் கை வைக்கும் நாள் வந்தால், ஒரே வகை முறியை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே அளவில் தொட வேண்டும் என்றும், வங்கிகளைப் பூட்டி வைத்த வார இறுதியில் அந்த வாக்கெடுப்பை நடத்தக் கூடாது என்றும் எழுத்தில் வையுங்கள்.

துறைமுக நகருக்கு வரும் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு எத்தனை நாளில் அனுமதி கொடுப்போம் என்று பேசுகிறீர்கள். ஒரு எழுத்துப் பிழைக்காகக் கிழவிகளை அலைய விடாமல், அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே உரிமைகோரலைத் தீர்ப்பதற்கும் ஒரு நாள் கணக்கு வையுங்கள். நான் முப்பது நாள் என்கிறேன். பங்களிப்புக் கட்டாத கம்பனிகளின் பெயர்ப்பட்டியலைத் தோட்டவாரியாக ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுங்கள்.

சேமலாப நிதியின் வருடக் கூற்று எனக்கு வருகிற மொழி தமிழ் அல்ல. இந்த மடலுக்கான பதில் தமிழில் வரட்டும். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தன் காசு உள்ளுக்குத்தான் இருக்கிறதா என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹட்டனிலிருந்து,
சேமலாப நிதி அங்கத்தவர் ஒருத்தி